மறுமொழி: ‘ஜெஸ்ச்சுரல் மார்க்’ தமிழில் என்ன? ‘கையோட்டம்’ என்கிறேன்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஓவியத்தில் ‘ஜெஸ்ச்சுரல் மார்க்’ என்பதற்கு, அதாவது போட்ட கையின் அசைவு தெரியும் கோட்டுக்கு, தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. பாதி மடல்களில் எழுத்தை அழகாக எழுதும் காலிகிராஃபிக்குச் சொல் தேடுகிறோம், மீதியில் ஜெஸ்ச்சருக்கு. நடுவில் பாலக்காட்டு டீச்சர், ஓவியர் பணிக்கரின் படம் ஒன்றைப் போட்டதும் மூன்றாவதாக ஒரு விஷயமும் உள்ளே வந்துவிட்டது. மூன்றும் ஒன்றையொன்று உரசுபவைதான், ஆனால் ஒரே சொல்லால் மூன்றையும் கட்டினால் கட்டுரை எழுதுகிறவர் நாளைக்கு நம்மைத் திட்டுவார்.

காலிகிராஃபியை முதலில் முடித்துவிடலாம். ‘வனப்பெழுத்து’ ஏற்கெனவே புழங்குகிறது. எழுத்து எழுத்தாகவே நிற்கிறது, படிக்க முடிகிறது, அழகும் சேர்கிறது. போதும். அதில் எனக்குச் சண்டை இல்லை.

அடுத்தது பணிக்கர். கே. சி. எஸ். பணிக்கர் கோயம்புத்தூரில் 1911இல் பிறந்தவர், 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்னின்றவர். அவருடைய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை 1963இல் தொடங்குகிறது. மலையாள எழுத்துப் போலத் தெரியும், ஜாதகக் கட்டம் போலத் தெரியும், கணக்குக் குறிகளும் வரும். “மலையாளம் தெரிந்த நாங்கள் கிட்டே போய் வாசிக்கப் பார்த்து ஏமாந்து திரும்புவோம்” என்று டீச்சர் எழுதியிருந்தது அருமை. ஆனால் அந்தப் படங்களில் கை வேகமாகப் போனதா, தயங்கியதா என்பது முக்கியமே இல்லை. பழைய கணக்குப்புத்தகம் போல வரிவரியாக, அடக்கமாக இருக்கும். சீனக் கலைஞர் ஷூ பிங் 1987 முதல் 1991 வரை செய்த ‘வானத்துப் புத்தகம்’ இன்னும் தெளிவான சாட்சி. எந்த அகராதியிலும் இல்லாத ஏறத்தாழ 4,000 எழுத்துகளைத் தானே உண்டாக்கி, மரத்தில் செதுக்கி அச்சடித்தார். எழுத்தின் சாயல் முழுக்க இருக்கிறது, கையின் அசைவு துளியும் இல்லை. ஆக, வாசிக்க முடியாத எழுத்து வேறு, நாம் தேடும் சமாச்சாரம் வேறு. முன்னதற்குப் ‘பொருள்படா எழுத்து’ என்று யாரோ முன்மொழிந்திருந்தார்கள். நல்ல சொல்தான். தனி இழை திறந்து அங்கே பேசுவோம்.

இப்போது மீதமிருக்கும் ஜெஸ்ச்சருக்கு வருகிறேன். ஒரு கோட்டைப் பார்த்ததுமே அதைப் போட்ட உடம்பு எப்படி நகர்ந்தது என்று நமக்குத் தெரிகிறது இல்லையா, எங்கே வேகம் எடுத்தது, எங்கே அழுத்தியது, எங்கே சட்டென்று தூக்கியது என்று. அதற்குத்தான் சொல் வேண்டும். எழுத்தா, உருவமா, எதுவுமே இல்லாத வெறும் கீறலா என்பதெல்லாம் அப்புறம்.

இதை வனப்பெழுத்தோடு குழப்பிக்கொண்டவர்கள் நாம் மட்டும் இல்லை. ஜப்பானில் மொரிதா ஷிரியூ 1951இல் ‘பொக்குபி’ என்ற இதழைத் தொடங்கினார். தூரிகையெழுத்துக்காரர்களின் இதழ் அது. முதல் இதழின் அட்டையில் அமெரிக்க ஓவியர் ஃப்ரான்ஸ் க்ளைனின் படம். வெள்ளைத் துணியில் கறுப்பு உத்தரங்களைத் தூக்கிப் போட்டதுபோல இருக்கும் அந்தப் படங்களைப் பார்த்தால் யாருக்கும் கிழக்காசிய எழுத்து நினைவுக்கு வரும். க்ளைனோ, நான் எழுத்து எழுதவில்லை, கறுப்பைப் போலவே வெள்ளையையும் தீட்டுகிறேன் என்று மறுத்துவிட்டார். அந்தப் பக்கம் ஜப்பானியத் தூரிகையெழுத்துக்காரர் இனோவே யூயிச்சி எழுத்தைக் கொஞ்ச காலம் கைவிட்டு, எனாமல் பெயின்ட்டைக் கொண்டு வெறும் கோடுகளாகப் போட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி எழுத்துக்கே திரும்பினார். இரண்டு பேரும் சந்திக்கிற இடம் எழுத்து இல்லை. கை போன வழி.

வந்த சொற்களைப் பார்ப்போம்.

‘சைகை’ வேண்டும் என்கிறார் மென்பொருள் தம்பி. செல்போன் அமைப்புகளில் ஜெஸ்ச்சருக்கு அப்படித்தான் போட்டிருக்கிறார்களாம், ஒரே சொல்லாக இருந்தால் நல்லதாம். போனில் விரலால் தள்ளுவது போனுக்கு நாம் காட்டும் சைகைதான், அங்கே சரி. ஓவியத்தில் கை யாருக்கும் எதையும் காட்டவில்லையே தம்பி. ஆந்திர எல்லையில் எங்கள் பக்கத்துத் தெலுங்கிலும் ‘சைக’ என்றால் கண்ணைக் காட்டிக் கூப்பிடுவதுதான். ‘சைகை ஓவியம்’ என்றால் காது கேளாதோர் பள்ளிச் சுவரில் மாட்டும் விளக்கப் படம் என்றுதான் நம் ஆள் நினைப்பார்.

‘மெய்ப்பாடு’ என்று தொல்காப்பியத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார் பேராசிரியர் ஐயா. கம்பீரமான சொல், கை வைக்கவே பயமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன் ஐயா. அது உள்ளத்தில் எழுந்தது உடம்பில் தெரிவது. இந்தக் கோடுகளுக்குப் பின்னால் எப்போதும் கொந்தளிப்பு இருக்கும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம், அங்கேதான் சிக்கல். க்ளைன் பழைய டெலிபோன் டைரக்டரித் தாள்களில் சின்னதாக வரைந்து பார்ப்பார். அதில் தேறியதைப் பெரிய துணிக்குக் கொண்டுபோவார். ஒரே மூச்சில் வெடித்ததுபோலத் தெரிவது பல சமயம் நிதானமாகத் திட்டமிட்டது. ‘தன்னெழுச்சிக் கோடு’ என்ற சொல்லுக்கும் இதே பதில். ஓவியர் மனசுக்குள் என்ன நடந்தது என்று சத்தியம் பண்ணுகிற சொல் நமக்கு வேண்டாம். துணியில் என்ன தெரிகிறது என்று சொன்னால் போதும்.

‘தீற்றல்’ எனக்குப் பிடித்த சொல். தூரிகைத் தீற்றல் என்று நம் கலை விமர்சகர்கள் நெடுநாளாக எழுதுகிறார்கள். அது அப்படியே இருக்கட்டும். ஆனால் தீற்றுவதென்றால் பட வேண்டும், பூச வேண்டும். அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் 1947இலிருந்து செய்தது என்ன? துணியைத் தரையில் விரித்து, குச்சியிலிருந்தும் காய்ந்துபோன பிரஷ்ஷிலிருந்தும் பெயின்ட்டை ஒழுகவிட்டார். குச்சி துணியைத் தொடவே இல்லை. நம் ஊர்க் கடைகளில் டப்பாவில் விற்கிற எனாமல் வகைதான் அவர் ஊற்றியதும். கை ஆடியது மேலே, கோடு விழுந்தது கீழே. இதைத் தீற்றல் என்று எப்படிச் சொல்வது?

‘வீச்சு’ இதற்குப் பொருந்துகிறது. புத்தூர் அண்ணா இதற்காகவே மூன்று மடல் எழுதிவிட்டார், விடமாட்டார் என்று தெரியும். பொல்லாக்குக்கும் க்ளைனுக்கும் வீச்சு கச்சிதம். ஆனால் நம் ஓவியர் ஆதிமூலத்தை எங்கே வைப்பீர்கள் அண்ணா? 1969இல் அவர் போட்ட காந்தி கோட்டோவியங்களைப் பாருங்கள். பேனா முனை நெளிந்து நெளிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கிழவரின் தோள் எலும்பு மேலே வருகிறது. ஒவ்வொரு கோட்டிலும் கை தெரிகிறது, ஆனால் வீசுவதற்கு அங்கே இடமே இல்லை, மணிக்கட்டு அசைவதோடு சரி. (சிறுபத்திரிகைகளுக்குத் தலைப்பெழுத்து எழுதியவரும் அவரேதான். வனப்பெழுத்து, நாம் தேடும் சமாச்சாரம் இரண்டிலும் கால் வைத்தவர் என்பதால் இந்த இழைக்கு அவரைப் போல உதவுகிறவர் வேறு இல்லை.) அமெரிக்க ஓவியர் சை ட்வோம்ப்ளியின் சாம்பல் நிறப் படங்களில், 1960களின் கடைசியில், வெள்ளை வளையங்கள் வரிசையாக உருண்டுகொண்டே போகும், கையெழுத்துப் பயிற்சி நோட்டு மாதிரி. அதையும் வீச்சு என்றால் காது ஒப்பவில்லை. இயற்பியலில் அலைவீச்சு வேறு உட்கார்ந்திருக்கிறது.

டீச்சரின் மடலுக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். “எழுத்து என்றே சொல்லிவிட்டால் என்ன? எங்களிடம் தரையில் பொடியால் போடும் களமெழுத்து இருக்கிறது, தெய்யம் ஆடுகிறவர்களுக்கு முகத்தெழுத்து இருக்கிறது, வரைவதையே எழுதுவது என்றுதானே சொல்கிறோம்” என்று கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது, தமிழுக்கும் அந்நியமில்லை. கண்ணுக்கு மை எழுதுவோம், தோளில் கோலமாகத் தொய்யில் எழுதினோம். “எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்” என்ற குறளில் எழுதுவது மைதான். கோல் கண்ணுக்கு மிக அருகில் வந்துவிட்டதால் கண்ணுக்கே அது தெரிவதில்லை. எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் கடைக்குப் போர்டு எழுதுவது என்றுதான் சொல்கிறோம், அதில் பாதி படமாக இருந்தாலும்.

ஆனால் டீச்சர், இன்றைக்கு ‘எழுத்து’ என்றால் அ, ஆ. இல்லாவிட்டால் இலக்கியம். பழைய பொருளுக்கு அதைத் திருப்புவதற்குள் நம் காலம் முடிந்துவிடும். இன்னொன்று, களமெழுத்தில் கை போன வழி மிஞ்சுகிறதா? அரிசிப்பொடி, மஞ்சள், உமிக்கரி, இலைப்பொடி, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த சிவப்பு என ஐந்து பொடிகளை விரலிடுக்கில் விட்டு விட்டுத் தேவி உருவத்தை நிரப்புகிறார்கள். கைத்தேர்ச்சி அபாரம். ஆனால் பொடி சீராக விழுவதுதான் அங்கே தேர்ச்சி, கை தயங்கியது தெரியாமல் இருப்பதுதான் பெருமை. கடைசியில் ஆட்டத்தில் களமே கலைந்துவிடுகிறது. ஆக அது முழுக்க எழுத்து, ஆனால் நாம் பேசும் பொருளில் இல்லை. எழுத்து என்ற சொல் இரண்டையும் விழுங்கிவிடும். எனக்குப் பிரித்துச் சொல்கிற சொல் வேண்டும்.

என்னுடைய முன்மொழிவு ‘கையோட்டம்’.

இது நான் உட்கார்ந்து சமைத்தது இல்லை. பிளெக்ஸ் வருவதற்கு முன்னால் எங்கள் நகரியிலும் புத்தூரிலும் போர்டு எழுதியவர்கள் ஒரே பலகையில் தெலுங்கும் தமிழும் எழுதியாக வேண்டும். தெலுங்குக்குக் கை சுழன்றுகொண்டே போய், கடைசியில் எழுத்தின் தலைமேல் வரும் தலகட்டைச் சுண்டிவிட வேண்டும். தமிழுக்குக் கை நின்று, மடங்கி, நேராக இறங்க வேண்டும். காலையில் தமிழ் எழுதிவிட்டு மத்தியானம் தெலுங்குக்குப் போனால் “கை ஓட மாட்டேங்குது” என்பார்கள். கை ஓடுவது என்றால் அங்கே கோடு நன்றாக வருகிறது என்றும் பொருள், உடம்பு இலகுவாகப் போகிறது என்றும் பொருள். அசைவையும் அது விட்டுச்செல்லும் தடத்தையும் ஒரே சொல் தொடுகிறது. நமக்கு வேண்டியது அதுதானே.

சொல் பிரித்துக் காட்டுகிறதா என்று பார்க்க ஆந்திராவிலேயே நல்ல சோதனை இருக்கிறது. துணியில் படம் போடும் கலம்காரி என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள். மசூலிப்பட்டினத்தில் மர அச்சால் ஒற்றுவது, எங்களுக்குப் பக்கத்தில் காளஹஸ்தியில் கலத்தால் இழுப்பது. கலம் என்பது கூர்சீவிய மூங்கில் குச்சி, முனைக்குச் சற்று மேலே துணியோ கம்பளியோ சுற்றி நூலால் கட்டியிருக்கும். அந்தச் சுற்று சாயத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், விரலால் அழுத்தினால் முனைக்கு இறங்கும். இரும்புத் துண்டையும் வெல்லத்தையும் ஊறவைத்துப் புளிக்கவிட்ட நீர்தான் கறுப்பு. துணி முன்கூட்டியே கடுக்காயிலும் பாலிலும் நனைந்து காய்ந்திருக்கும். இரும்பு கடுக்காயின் துவர்ப்பைத் தொட்டதும் கறுத்துவிடும், சாயம் பரவாமல் பால் பிடித்துக்கொள்ளும். அழிக்க வழியில்லை. கை ஒரு நொடி நின்றால் அங்கே சாயம் தேங்கித் தடித்துவிடும், விரைந்தால் கோடு மெலியும். தேர்ந்தவர் கண்ணிமைக் கோட்டை இழுத்து முடிக்கும் இடத்தில் அந்த வால் எப்படி மெலிகிறது என்று பார்த்தாலே தெரியும். முதலில் கரியால் அடையாளம் போட்டுக்கொண்டுதான் தொடங்குகிறார்கள், உருவமெல்லாம் மரபு வகுத்தது. இருந்தும் அந்த வாலில் இருப்பது கையோட்டம். மசூலிப்பட்டினத்துத் துணியில் அது இல்லை, அங்கே அச்சு ஒற்றிய சீர் இருக்கிறது. ஒன்று உயர்த்தி, ஒன்று தாழ்த்தி என்று சொல்லவில்லை.

இதனால்தான் கையோட்டத்தை ஒரு பாணியின் பெயராகவோ, 1950களின் அமெரிக்க ஓவியத்தின் பெயராகவோ ஆக்க வேண்டாம் என்கிறேன். அது கோட்டின் குணம். கூடவோ குறையவோ எங்கும் இருக்கலாம். அதுவே முதன்மையாக இருக்கும் படத்தை மட்டும் ‘கையோட்ட ஓவியம்’ என்போம். கலை விமர்சகர் ஹரால்ட் ரோஸன்பெர்க் 1952இல் வைத்த ‘ஆக்‌ஷன் பெயின்டிங்’ என்ற பெயருக்குச் ‘செயல் ஓவியம்’ தனியாக இருக்கட்டும். அவர் துணியை ஓவியன் இறங்கிச் செயல்படும் களமாகப் பார்த்தார், அது இன்னொரு வாதம்.

எதிர்ப்புகள் வரும். ஜப்பானிய ஓவியர் ஷிராகா கஸுவோ கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு காலால் பெயின்ட்டை இழுத்தாரே, அது கையோட்டமா என்று அண்ணா கேட்பார். பதற்றத்தில் நமக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது, ஆகக் கால் ஓடுவதும் தமிழில் உண்டு. விளையாட்டை விட்டுச் சொன்னால், கைவண்ணம், கைப்பக்குவம் என்பதில் எல்லாம் கை என்பது ஆளையே குறிக்கிறது. ஷிராகாவுக்கும் நீளும்.

அமெரிக்க ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைன் 1965இல் தொடங்கிய ‘தூரிகைத் தீற்றல்கள்’ வரிசை இன்னும் சுவாரசியம். கொழுத்த தீற்றல் ஒன்றை, சொட்டு வழிவது வரைக்கும், காமிக்ஸ் படம் போலக் கறுப்பு ஓரம் கட்டிப் புள்ளி வைத்து நிதானமாக வரைந்தார். முந்தைய தலைமுறையைக் கிண்டலடிக்கும் படம். நம் சொல்லில் அதைச் சொல்லிப் பாருங்கள்: அது கையோட்டத்தின் படம், அதில் கையோட்டம் இல்லை. வீச்சு, சைகை, மெய்ப்பாடு எதை வைத்தாலும் இவ்வளவு சுலபமாக வரவில்லை, நான் போட்டுப் பார்த்தேன்.

எனக்கே உறுத்துவது ஒன்றுதான். ஓட்டம் என்றால் தடையில்லாமல் போவது என்ற வாடை இருக்கிறது. ட்வோம்ப்ளியின் சில கோடுகள் தடுக்கி விழுகின்றன, இனோவேயின் பிரஷ் சில இடங்களில் தாளைப் பிறாண்டுகிறது. ‘தடுமாறும் கையோட்டம்’ என்று அடைமொழி போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் அது ஒட்டுப்போட்ட வேலைதான். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் வாருங்கள், நான் பிடிவாதக்காரன் இல்லை.

அதுவரை மொழிபெயர்ப்பில் இப்படிப் போடலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்: மார்க்குக்குத் ‘தடம்’, ஜெஸ்ச்சுரல் மார்க்குக்குக் ‘கையோட்டத் தடம்’, பிரஷ்ஸ்ட்ரோக்குக்குப் பழைய ‘தீற்றல்’. ‘கைத்தடம்’ என்று சுருக்க வேண்டாம், போலீஸ் ஸ்டேஷன் மை நினைவுக்கு வருகிறது. டீச்சர், மலையாளத்தில் இதற்கு ‘வர’ என்றே புழங்குகிறார்களா, வேறு சொல் வைத்திருக்கிறார்களா என்று அங்கே ஓவியம் கற்பிப்பவர்களிடம் கேட்டு எழுதுங்கள். காளஹஸ்திக்காரர்களிடம் நான் கேட்கிறேன்.

அன்புடன்,
நகரியிலிருந்து