நாகர்கோவிலில் கல்யாணம், கையில் மூன்று நாள்: அம்மாவோடு எங்கெல்லாம் போகலாம்?

கரூர்த்தறி:

வணக்கம். தை கடைசி ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் நண்பர் வீட்டுக் கல்யாணம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு முகூர்த்தச் சாப்பாட்டோடு திரும்ப மனமில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் விடுப்பு போட்டிருக்கிறேன். புதன் இரவு ரயில்.

நான், மனைவி, மகள் (12), மகன் (8), அம்மா (71). அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. சமதரையில் நன்றாக நடப்பார், படி என்றால் கைப்பிடி தேடுவார். 1971-ல் பள்ளிச் சுற்றுலாவில் விவேகானந்தர் பாறைக்கு வந்தாராம். "அப்போது வள்ளுவர் சிலையே கிடையாதடா" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மகனுக்கு ஒரே ஆசைதான், கடலில் குளிக்க வேண்டும்.

தொலைபேசியில் பேசிய ஒரு வேன்காரர் ஒரே நாளில் பதினொரு இடம் காட்டுவதாகச் சொல்கிறார். நம்பலாமா? குமரியிலேயே அறை எடுப்பதா, நாகர்கோவிலில் எடுப்பதா?

சுற்றும்கால்:

தாராளமாக நம்பலாம் நண்பரே. நாங்கள் போன வருடம் ஒரே நாளில் முடித்தோம். காலையில் சூரிய உதயம், பாறை, சுசீந்திரம், அரண்மனை, தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, திரும்பும்போது முட்டம். இரவு எட்டு மணிக்கு அறை. மீதி இரண்டு நாளுக்குத் திருவனந்தபுரம் போய்விடுங்கள்.

பழைய ஸ்டியரிங்:

தம்பி, இந்த மாவட்டத்து ரோட்டில் இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பதினொரு இடத்து வேன்களை எதிரே பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவன். திற்பரப்புக்குப் போகும்போது பிள்ளைகள் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு கத்தும். திரும்பி வரும்போது அதே வேனில் எல்லாருக்கும் வாய் திறந்திருக்கும், தூக்கத்தில். மேலே எழுதிய நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் முடித்தது ரோட்டை.

முதலில் அறை. நாகர்கோவிலில் எடுங்கள். குமரி முனை ஒரு மூலை. அங்கே தங்கினால் தினமும் இருபது கிலோமீட்டர் வந்த பிறகுதான் எந்தத் திசைக்கும் திரும்பவே முடியும். சூரிய உதயம் பார்க்க விடியற்காலையில் நாகர்கோவிலிலிருந்தே கிளம்பலாம், அந்நேரத்தில் ரோடு காலியாகக் கிடக்கும்.

அடுத்தது கிழமை. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. என் சம்பந்தி வீட்டார் ஒன்பது பேரை, ஊர்க்காரன் என்ற கர்வத்தில், ஒரு திங்கட்கிழமை அழைத்துப் போய்ப் பூட்டிய கதவைக் காட்டியவன் நான். இன்றுவரை அவர்கள் வீட்டு விசேஷங்களில் அந்தப் பேச்சு வருகிறது. ஆகவே திங்கள் உங்களுக்குக் குமரி.

படகு எட்டு மணிக்குத் தொடங்கும். ஏழே காலுக்கெல்லாம் துறையில் நில்லுங்கள். அம்மாவுக்குப் பாறையின் படிகளைவிட இந்த வரிசைதான் சோதனை, உட்கார இடமில்லாமல் நிற்க வேண்டியிருக்கும். ஐயப்ப சாமிகள் வரும் கார்த்திகை, மார்கழி என்றால் வரவே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், வரிசை தெருவைத் தாண்டி நிற்கும். நீங்கள் வரும்போது மகரவிளக்கு முடிந்து கூட்டம் வடிந்திருக்கும்.

முன்பெல்லாம் வள்ளுவர் சிலைக்கும் படகில்தான் போக வேண்டும். கடல் நீர்மட்டம் தாழ்ந்துவிட்டால் சிலையைச் சுற்றியுள்ள பாறையில் படகு தட்டும் என்று நிறுத்திவிடுவார்கள். எத்தனையோ பேர் பாறையில் நின்று சிலையைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். 2024 டிசம்பர் கடைசியில் இரண்டுக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். 77 மீட்டர், சமதரை. உங்கள் அம்மா நடந்தே போவார். சிலையின் பாதத்துக்கு ஏறும் படிகளை மட்டும் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். பீடம் 38 அடி, அது அறத்துப்பாலின் 38 அதிகாரம். சிலை 95 அடி, மற்ற இரண்டு பாலும். இதை உங்கள் மகளிடம் முன்கூட்டியே சொல்லாமல் அங்கே போய்க் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

பத்தரைக்குக் கரையேறிவிடலாம். உடனே ஆட்டோ பிடித்து வட்டக்கோட்டை. ஏழு கிலோமீட்டருக்குள்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா காலத்தில் கட்டிய கருங்கல் கோட்டை, மதிலில் கடல் அடிக்கும். மதிலில் ஏற வசதியான சரிவு இருக்கிறது. மேலே நின்று கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலையும் காற்றாலைகளும். என்னைக் கேட்டால் முனையைவிட இங்கேதான் குமரி முழுசாகத் தெரியும். ஆனால் வேன்காரர்கள் பட்டியலில் இது இருக்காது, திரும்பிவரும் ரோடு தனி.

மதியம் அறைக்குத் திரும்பி ஓய்வு. ஐந்து மணிக்குச் சுசீந்திரம். கோவில் நாகர்கோவிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, மேலும் அம்மாவுக்கு ஏற்ற நீண்ட சமதரைப் பிரகாரம். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், பையனுக்கும் சேர்த்துத்தான். சூரிய அஸ்தமனம் வேண்டுமென்றால் சுசீந்திரத்தைப் புதன் காலைக்குத் தள்ளிவிட்டுக் குமரியிலேயே இருந்துவிடுங்கள். தை, மாசியில் சூரியன் சரியாகக் கடலில் இறங்கும். ஆனி, ஆடியில் வருகிறவர்களுக்கு அது கிடைக்காது.

செவ்வாய் மேற்கே. விடிந்ததும் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால்தான் காலை. 22 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்ட பெருமாள், ஒரே பார்வையில் அடங்க மாட்டார். மூன்று வாசல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். நானூறு வருடத்துக்கு மேலாகக் கும்பாபிஷேகம் இல்லாமல் கிடந்து 2022-ல்தான் நடந்தது. வாசலில் படிகள் உண்டு, அவசரமில்லாமல் ஏறலாம்.

அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் மாத்தூர் தொட்டிப்பாலம். 28 தூண், 115 அடி உயரம், 1966-ல் கட்டியது. பெயர்தான் பாலம். மேலே ஓடுவது கால்வாய்த் தண்ணீர். ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்கு, கீழே பரளியாற்றைத் தாண்டி, கல்குளம் விளவங்கோடு வயல்களுக்குப் போகிற தண்ணீர். தொட்டியை ஒட்டியே நடைபாதை. ஒரு பக்கம் கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர், மறுபக்கம் எட்டிப்பார்த்தால் தென்னையின் உச்சந்தலை. என் ஓட்டுநர் வாழ்க்கையில் எத்தனையோ பாலம் கடந்திருக்கிறேன், இதில் நடந்தால் மட்டும் இன்னும் அடிவயிறு கூசும். கீழே ஆற்றுக்கு இறங்கும் படிகளில் அம்மாவை இறக்காதீர்கள், இறங்குவது சுலபம்.

மதியச் சாப்பாடு தக்கலையில். பிறகு அரண்மனை. உள்ளே மதியம் ஒரு மணி நேரம் மூடுவார்கள், இரண்டு மணிக்கு நுழைந்தால் சரியாக இருக்கும். நிலம் தமிழ்நாடு, பராமரிப்பு கேரள அரசு. 1956-ல் மாவட்டம் இங்கே சேர்ந்தபோது அரண்மனை மட்டும் அவர்கள் பொறுப்பில் நின்றுவிட்டது.

திற்பரப்பை இந்த முறை விடுங்கள். தை மாதத்தில் தண்ணீர் அடங்கித்தான் விழும்.

கோட்டாறு மருமகள்:

ஸ்டியரிங் ஐயா சொன்னது எல்லாம் சரி, அரண்மனையைத் தவிர. வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு உள்ளே எத்தனை படி என்று தெரியாது!

நான் தஞ்சாவூரிலிருந்து இங்கே வாழ வந்தவள். வருகிற விருந்தாளிகளை எல்லாம் அரண்மனைக்கு அழைத்துப் போவது என் வேலை. நுழைந்ததும் பூமுகம், அதாவது முகப்பு மண்டபம். அண்ணாந்து பார்த்தால் மரக்கூரையில் தொண்ணூறு பூக்கள், ஒன்று போல் ஒன்று இருக்காது. அங்கிருந்து மந்திரசாலைக்கு (மன்னரின் ஆலோசனை மண்டபம்) ஏறும் மரப்படி ஏணி போல் செங்குத்தானது, ஒரு ஆள் அகலம். ஏறிவிட்டால் வழி ஒரே திசையில்தான் போகும், திரும்ப முடியாது. அதற்குப் பிறகும் ஏற்றம் இறக்கம் என்று எத்தனையோ. என் அத்தை (மாமியார்) பாதியில் ஒரு ஜன்னல் திண்டில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் ஒரு பள்ளிக்கூடமே வரிசையாக நிற்கிறது. நானும் ஒரு காவலரும் ஆளுக்கொரு கை பிடித்து இறக்கினோம்.

அதனால் உங்கள் அம்மா பூமுகத்தையும் முற்றத்தையும் தெற்குக் கொட்டாரத்தையும் (தெற்கு அரண்மனை) பார்த்தால் போதும், எல்லாம் தரைமட்டம். முற்றத்திலிருந்தே மணிக்கூண்டு தெரியும். மற்றவர்கள் ஏறுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும், அதுவும் நல்லதற்கே. அந்தக் கறுப்புத் தரையைக் கால்தான் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு, சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு என்று சேர்த்து இழைத்ததாம். பங்குனி வெயிலிலும் குளத்துப் படியில் கால் வைத்த மாதிரி இருக்கும்.

சாப்பாட்டைப் பற்றி யாருமே பேசவில்லையே! மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் ஒரு வேளையாவது சாப்பிடாமல் ஊருக்குப் போகாதீர்கள். எங்கள் ஊரில் கப்பை என்று கேட்டாலும் தருவார்கள். பதநீருக்கு இங்கே அக்கானி என்று பெயர், கிடைத்தால் காலையிலேயே குடியுங்கள். அப்புறம் மட்டிப்பழம், எங்கள் ஊர் வாழைப்பழம். விரல் நீளம்தான், மணம் மட்டும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குழந்தைகளுக்கு முதல் பழமாக இதைத்தான் மசித்துக் கொடுக்கிறோம்.

கரூர்த்தறி:

இருவருக்கும் மிக்க நன்றி. வேன்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகன் விடாமல் கேட்கிறான்: புதன்கிழமை கடலில் குளிக்கலாமா? சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். எது பாதுகாப்பு?

பழைய ஸ்டியரிங்:

மருமகள் சொன்னது உண்மை. அரண்மனைக்குள் நான் போனது வாழ்நாளில் இரண்டு முறை. டிக்கெட் கொடுப்பவர் தெரிந்தவர், டீ குடிக்கத்தான் இறங்குவேன்.

கடலைப் பற்றிக் கேட்டீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்: மூன்றிலும் குளிக்க வைக்காதீர்கள். எங்கள் மேற்குக் கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கிற புயல் கிளப்பிவிட்ட அலை நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேரும். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. கடல் சாதுவாகக் கிடக்கும். திடீரென்று ஒரு அலை இடுப்பளவு ஏறி, திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து உருவிக்கொண்டு போகும். திருடன் போல வருவதால்தான் அந்தப் பெயர். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கத்தில் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் போனது இப்படித்தான். அவர்களும் ஒரு கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள்.

பெரும்பாலும் சித்திரை, வைகாசிப் பக்கம்தான் அது அதிகம். தையில் வரவே வராது என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். சங்குத்துறைக்குப் போங்கள். மாலை நாலரைக்கு. மணலில் விளையாடட்டும், கணுக்கால் நனையட்டும், நீங்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்று கடலோரத்தில் மீனவர்கள் படகை வழக்கத்தைவிட மேட்டில் ஏற்றிக் கட்டியிருந்தால் அந்தக் கணுக்காலும் வேண்டாம். முட்டம் பார்க்க அழகு, பாறை மேல் நின்று படம் எடுக்கும் ஆசை வரும். அந்தப் பாசி பிடித்த பாறைகளை எனக்குத் தெரியும்.

கரூர்த்தறி:

ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

திங்கள் காலை இரண்டாவது படகு கிடைத்தது. கண்ணாடிப் பாலத்தில் அம்மா முன்னால் போய்விட்டார், என் மனைவிதான் கீழே பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டு என் சட்டையைப் பிடித்து வந்தாள். மகள் பீடத்துக் கணக்கைப் போட்டுவிட்டு, "38-ம் 95-ம் 133, ஆனால் யார் அளந்து பார்த்தார்கள்?" என்கிறாள்.

அரண்மனையில்தான் திட்டம் உடைந்தது. அம்மாவைப் பூமுகத்தில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் ஏறினோம். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தால் ஆளைக் காணோம். தேடினால் தெற்குக் கொட்டாரத்துத் திண்ணையில் திருவனந்தபுரத்துப் பாட்டி ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். இவருக்கு மலையாளம் தெரியாது, அவருக்குத் தமிழ் அரைகுறை. இரண்டு பேருக்கும் முழங்கால் வலி. என்ன தைலம் என்பதில் தொடங்கி மருமகள் வரை போயிருக்கிறது. அந்தப் பாட்டி வைத்திருந்த தைலத்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார், மலையாள எழுத்தில். அதைப் படிக்க இப்போது கரூரில் ஆள் தேடுகிறேன்.

கடலில் மகன் கணுக்கால் மட்டும் நனைத்தான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒரு சந்தேகம். மட்டிப்பழம் ஒரு தார் வாங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி ரயிலில் இருக்கைக்கு அடியில் வைத்தேன். காலையில் பார்த்தால் பாதி கறுத்து, சீப்பிலிருந்து உதிர்ந்து கிடந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

கோட்டாறு மருமகள்:

யாரும் ஏமாற்றவில்லை. பிளாஸ்டிக் பையில் கட்டினால் மட்டி அப்படித்தான் புழுங்கும். அடுத்த முறை முக்கால் பழுப்பில், ஓலைப் பெட்டியிலோ திறந்த அட்டைப் பெட்டியிலோ வாங்குங்கள். கறுத்ததைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், தோல்தான் கறுத்திருக்கும். தேங்காய்த் துருவலும் கருப்பட்டியும் சேர்த்துப் பிசைந்து பையனுக்குக் கொடுங்கள், பேச ஆரம்பித்துவிடுவான்.