கதிரின் முதல் லாகர்: வீட்டு பீர்க் குழுவில் ஒரு நாள்

கதிர், காலை 7:40
அனைவருக்கும் வணக்கம். இதுவரை ஏல் ஈஸ்டை மட்டுமே வைத்து பீர் செய்துவந்த நான், அடுத்த முறை 20 லிட்டர் அளவில் பில்ஸ்னர் என்ற வெளிர் லாகர் வகை ஒன்றைச் செய்து பார்க்க நினைக்கிறேன். பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றும் அதற்கான தெர்மோஸ்டாட்டும் கையில் இருக்கின்றன. படித்த இடங்களில் எல்லாம் ‘ஏல் ஈஸ்ட் மேலே மிதந்து நொதிக்கும், லாகர் ஈஸ்ட் அடியில் தங்கி நொதிக்கும்’ என்றே எழுதியிருக்கிறார்கள். ஆனால் நான் போடும் ஏல் ஈஸ்டும் கடைசியில் அடியில்தான் படிந்து கிடக்கிறது. அப்படியென்றால் இரண்டுக்கும் உண்மையான வேறுபாடு எது?

சேகர் மாமா, காலை 7:52
பெரிய குழுவில் கேட்காமல் இங்கே கேட்டாயே, அதற்கு முதலில் நன்றி. வாசுகி, இதற்கு நீ பதில் சொல். அவன் வேலையைத் தொடங்கும்போது நான் வருகிறேன்.

வாசுகி சித்தி, காலை 8:15
கதிர், மேலே, கீழே என்ற பிரிவு திறந்த தொட்டிகளில் நொதிக்கவைத்த காலத்தின் அவதானிப்பு. பழைய ஏல் ஈஸ்ட் வகைகள் பலவற்றின் செல் மேற்பரப்பு நீரோடு எளிதில் ஒட்டாது என்பதால், அவை கார்பன் டைஆக்சைடு குமிழிகளைப் பற்றிக்கொண்டு நுரையோடு மேலே வந்தன. அந்த நுரையை வழித்தெடுத்து அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டார்கள். நொதித்தல் இரண்டிலுமே திரவம் முழுவதும்தான் நடக்கிறது. மூடிய கலன்களில் அடியிலிருந்தே திரும்பத் திரும்ப எடுத்து வளர்க்கப்பட்ட ஏல் ஈஸ்ட் வகைகள் பல, மேலே எழும் பழக்கத்தையே இழந்துவிட்டன. ஆகவே உன் கலனில் நீ பார்த்தது இயல்பானதுதான்.

உண்மையான வேறுபாடு இனத்தில் இருக்கிறது. ஏல் ஈஸ்ட் என்பது சாக்கரோமைசிஸ் செரிவிசியே. ரொட்டி ஈஸ்டும் அதே இனம்தான். லாகர் ஈஸ்டான சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ் ஒரு கலப்பினம். அதன் ஒரு பெற்றோர் செரிவிசியே என்பது முன்பே தெரிந்திருந்தாலும், குளிரைத் தாங்கும் மற்றொரு பெற்றோர் எது என்பது நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. தென் அமெரிக்காவின் படகோனியாவில் உள்ள தென்பீச் மரங்களில் கிடைத்த சாக்கரோமைசிஸ் யூபயானஸ் என்ற காட்டு ஈஸ்டே அது என்று 2011இல்தான் அறிவித்தார்கள். பின்னர் அது திபெத்திலும் அயர்லாந்திலும்கூடக் கிடைத்தது. மால்ட்டின், அதாவது முளைவிட்ட தானியத்தின், சர்க்கரையைத் திறமையாகத் தின்னும் குணம் ஒரு பக்கத்திலிருந்தும், 10 டிகிரியில் சோர்ந்து படுக்காத குணம் மறுபக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்ததால் உருவானதுதான் லாகர் ஈஸ்ட்.

நவீன், காலை 8:31
அம்மா சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கலாம். பாக்கெட்டின் மேல் இருக்கும் பெயரை அப்படியே நம்ப வேண்டியதில்லை. மரபணு வரிசையைப் படித்துப் பார்த்தபோது, லாகர் என்று விற்கப்பட்ட சில ஈஸ்டுகள் செரிவிசியேயாகவும், ஏல் என்று விற்கப்பட்ட சில பாஸ்டோரியானஸாகவும் இருந்திருக்கின்றன.

கதிர், காலை 8:40
அப்படியானால் நான் எதைப் பார்த்து முடிவு செய்வது, அண்ணா?

சேகர் மாமா, காலை 9:05
எந்த வெப்பநிலையை உன்னால் இரண்டு வாரத்துக்கு விடாமல் பிடித்து வைக்க முடியும் என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஈஸ்டை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு குளிருக்கு வழி தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

பவேரியாவில் 1553இல் கோடைக்காலத்தில் பீர் காய்ச்சக் கூடாது என்று ஆணையிட்டு, செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே அனுமதித்தார்கள். வெயிலில் செய்த பீர் கெட்டுப்போனதுதான் காரணம். குளிர்காலத்திலும் குளிர்ந்த நிலவறைகளிலும் மட்டுமே நொதிக்க நேர்ந்ததால், குளிருக்கு ஏற்ற ஈஸ்ட் தானாகவே தேறி நின்றது. அதில் ஒற்றைச் செல்லிலிருந்து தூய வளர்ப்பைப் பிரித்தெடுத்தவர் எமில் கிறிஸ்டியன் ஹான்சன். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் 1883இல் அதைச் செய்தார்.

உன் வேலைக்கு வருவோம். ஏல் ஈஸ்டுக்கு 18 முதல் 22 டிகிரி வரை பொருந்தும், லாகர் ஈஸ்டுக்கு 9 முதல் 12 வரை. நீ 11 என்று வைத்துக்கொள். ஃப்ரிட்ஜின் காற்றை அளக்காதே. தெர்மோஸ்டாட்டின் உணரியைக் கலனின் பக்கவாட்டில் வைத்து, அதன்மேல் ஒரு துண்டு நுரைத் தகட்டை வைத்து ஒட்டு. நொதித்தல் தன்னளவிலேயே வெப்பத்தை உண்டாக்கும் என்பதால், வேகம் உச்சத்தில் இருக்கும்போது கலனின் உள்ளே இருப்பது அறையைவிட 3 முதல் 5 டிகிரி வரை கூடுதலாக இருக்கக்கூடும். வொர்ட்டை, அதாவது மால்ட்டிலிருந்து வடித்த இனிப்புச் சாற்றை, 10 டிகிரிக்குக் குளிர்வித்த பிறகே ஈஸ்டைச் சேர்.

கதிர், காலை 9:12
ஏலுக்குப் போடுவதுபோல 11.5 கிராம் உலர் ஈஸ்ட் பாக்கெட் ஒன்று போதுமா, மாமா?

சேகர் மாமா, காலை 9:30
போதாது. இந்த இடத்தில்தான் முதல் லாகர் பலருக்கும் சறுக்குகிறது. வொர்ட்டில் உள்ள சர்க்கரையின் அளவைப் பிளேட்டோ டிகிரியில் சொல்வார்கள். பொதுவான கணக்குப்படி, ஒரு மில்லிலிட்டருக்கு, ஒரு பிளேட்டோ டிகிரிக்கு ஏலில் 7.5 லட்சம் செல்களும் லாகரில் 15 லட்சம் செல்களும் வேண்டும். உன் வொர்ட் 12 பிளேட்டோ, அதாவது 1.048 அடர்த்தி என்று கொண்டால், 20 லிட்டருக்கு ஏலில் 18,000 கோடியும் லாகரில் 36,000 கோடியும் ஆகிறது. எனவே இரண்டு பாக்கெட் போடு. திரவ ஈஸ்டாக இருந்தால் முன்கூட்டியே பெரிய ஸ்டார்ட்டர், அதாவது ஈஸ்டைப் பெருக்கும் சிறு வொர்ட், வளர்க்க வேண்டும். 100 மில்லி நீருக்கு 10 கிராம் மால்ட் பொடி என்ற விகிதம் அதற்குப் பொருந்தும்.

குளிரில் செல்கள் மெதுவாகவே பெருகும். எண்ணிக்கை குறைவாக இருந்தால் நொதித்தல் தொடங்கவே தாமதமாகும், தொடங்கிய பின்பும் செல்கள் திணறும். பழ வாசனையும் கந்தக நெடியும் மிகும், சில சமயம் சர்க்கரை மீதமிருக்கும்போதே நின்றுவிடும்.

நவீன், காலை 9:48
மாமா, பணிவோடு மறுக்கிறேன். டபிள்யூ-34/70 என்ற ஈஸ்டை நான் 18 டிகிரியில் நொதிக்கவைத்துக் குடித்திருக்கிறேன். வாழைப்பழ வாசனையோ வேறு குறையோ எனக்குத் தெரியவில்லை. அந்த வெப்பநிலையில் ஒரு பாக்கெட்டே போதும், பாதி நாட்களில் வேலையும் முடிந்துவிடுகிறது. கலிபோர்னியாவில் ஸ்டீம் பீர் என்று ஒரு வகையே லாகர் ஈஸ்டை இப்படி வெதுவெதுப்பாக வைத்து உருவானதுதானே? அழுத்தம் தாங்கும் கலனில், மூடிய அழுத்தத்தோடு நொதிக்கவிட்டால் பழ வாசனை தரும் எஸ்டர்கள் இன்னும் குறைகின்றன. குளிர் இல்லாமல் லாகர் ஆகாது என்பது, எல்லா ஈஸ்டுக்கும் பொருந்தாத பழைய விதி.

சேகர் மாமா, காலை 10:02
ஸ்டீம் பீரின் சுவை பில்ஸ்னரின் சுவை இல்லை, நவீன். லேசான பழத்தன்மை அதில் எதிர்பார்க்கப்படுவது. பில்ஸ்னரிலோ மறைத்துக்கொள்ள இடமே கிடையாது.

வாசுகி சித்தி, காலை 10:20
இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. லாகர் ஈஸ்டில் சாஸ், ஃப்ரோபெர்க் என்று இரண்டு கிளைகள் உண்டு. நவீன் சொல்லும் ஈஸ்ட் ஃப்ரோபெர்க் கிளையைச் சேர்ந்தது. செரிவிசியேயின் மரபுப்பொருள் அதில் கூடுதல், வெதுவெதுப்பை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், மால்ட்டோடிரையோஸ் என்ற சர்க்கரையையும் நன்றாகத் தின்னும். சாஸ் கிளைக்கு அந்தச் சர்க்கரை அவ்வளவாக ஒத்துவராது. அது குளிரில் இன்னும் திறமாக இயங்கக்கூடியது. ஒரு ஈஸ்டை வைத்து நவீன் கண்ட முடிவை எல்லா லாகர் ஈஸ்டுக்கும் நீட்ட முடியாது. சேகர் அண்ணாவின் விதியையும் அந்த ஓர் ஈஸ்டின் மேல் கண்ணை மூடிக்கொண்டு சுமத்த வேண்டியதில்லை. என் கருத்து என்னவென்றால், கதிரிடம் ஃப்ரிட்ஜ் இருக்கும்போது அவன் குளிரிலேயே தொடங்கட்டும். முதல் முறையிலேயே விலக்குகளைச் சோதித்தால் எது எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது.

மலர் அக்கா, காலை 11:10
நான் இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். என்னிடம் ஃப்ரிட்ஜ் கிடையாது. கலன் இருக்கும் மூலை எந்நேரமும் 20 டிகிரிக்கு மேல்தான் இருக்கிறது. எனக்கு லாகர் போன்ற தெளிவான சுவை வேண்டுமென்றால் என்ன வழி?

சேகர் மாமா, காலை 11:25
மலர், நீ லாகர் ஈஸ்டை விட்டுவிடு. சுவையில் அதிகம் தலையிடாத ஏல் ஈஸ்ட் ஒன்றை எடுத்து, கலனை அகன்ற தொட்டி நீரில் நிறுத்தி, பனிக்கட்டி வைத்த பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றிவந்தால் 17 டிகிரிக்குக் கொண்டுவரலாம். முதல் மூன்று நாட்கள்தான் முக்கியம்; வாசனை எல்லாம் பெரும்பாலும் அப்போதுதான் முடிவாகிறது. கொலோன் நகரத்தின் கோல்ஷும் டியூசல்டார்ஃபின் ஆல்ட்டும் ஏல் ஈஸ்டில் சற்றுக் குளிர்ச்சியாக நொதித்துப் பிறகு குளிரில் தேறிய பீர்கள்தான். அவற்றைக் குடித்துவிட்டு லாகர் என்று நினைப்பவர்கள் உண்டு.

நவீன், காலை 11:33
அறை 30 டிகிரிக்கு மேல் போனால் நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளின் குவைக் ஈஸ்டையும் பார்க்கலாம், மலர். அதுவும் செரிவிசியேதான், 30 முதல் 40 டிகிரி வரை சாதாரணமாக வேலை செய்யும். எல்லாக் குவைக்கும் தெளிவான சுவை தராது, சிலவற்றில் ஆரஞ்சு வாசனை தூக்கலாக இருக்கும். வகையைப் பார்த்து வாங்கு.

கதிர், பிற்பகல் 1:15
அடுத்த ஐயம். லாகரில் வெண்ணெய் வாசனை வரும் என்கிறார்கள். ஏலில் அதை நான் பார்த்ததில்லையே?

வாசுகி சித்தி, பிற்பகல் 1:40
அது டைஅசிட்டைல். ஏல் ஈஸ்டும் அதை உண்டாக்குகிறது. வெதுவெதுப்பில் விரைவாக உண்டாகி விரைவாகவே மறைந்துவிடுவதால் நீ கவனித்திருக்க மாட்டாய். ஈஸ்ட் வளரும்போது ஆல்ஃபா அசிட்டோலாக்டேட் என்ற பொருள் செல்லிலிருந்து வெளியே கசிகிறது. அது ஈஸ்டின் உதவியில்லாமல் பீரிலேயே மெதுவாக டைஅசிட்டைலாக மாறுகிறது. பிறகு ஈஸ்டே அதை உள்ளே இழுத்துக்கொண்டு வாசனை குறைந்த வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. இதில் மெதுவான படி நடுவில் இருப்பதுதான், குளிரில் அது இன்னும் மெதுவாகும். அதற்குள் நீ பீரை 2 டிகிரிக்கு இறக்கிவிட்டால் ஈஸ்ட் உறங்கிப்போகும், மூலப்பொருளோ அப்படியே தங்கிவிடும். பாட்டிலில் சில வாரம் கழித்து வெண்ணெய் எழும்.

சேகர் மாமா, பிற்பகல் 2:05
அதனால் சர்க்கரையில் முக்கால் பங்கு தீர்ந்ததும், அதாவது அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஏறத்தாழ 1.020க்கு வந்ததும், தெர்மோஸ்டாட்டை 17 டிகிரிக்கு ஏற்றி மூன்று நாள் விடு. அந்தக் கட்டத்தில் ஏற்றுவதால் பழ வாசனை வராது, வளர்ச்சி முன்பே முடிந்திருக்கும். பிறகு நாட்காட்டியை நம்பாமல் சோதித்துப் பார். இரண்டு குவளைகளில் சிறிது பீர் எடு. ஒன்றை மூடி, 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, சூடாக்காத மற்றொன்றோடு சேர்த்து முகர்ந்து பார். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் தெரிந்தால் மூலப்பொருள் இன்னும் மிச்சம் இருக்கிறது. இன்னும் இரண்டு நாள் கொடு. இரண்டிலும் எதுவும் இல்லையென்றால் குளிர்விக்கலாம்.

இன்னொன்று. நொதிக்கும்போது அழுகிய முட்டை நெடி வந்தால் ஃப்ரிட்ஜைத் திறந்து பதறாதே. லாகர் ஈஸ்டில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இயல்பு. வாயுவோடு சேர்ந்து வெளியேறும், மீதி குளிரில் தேறும்போது போகும். வேகவைத்த மக்காச்சோள வாசனை வந்தால் மட்டும் ஈஸ்டைக் குறை சொல்லாதே. அது வெளிர் மால்ட்டிலிருந்து வருவது, வொர்ட்டைப் பாத்திரத்தை மூடாமல் நன்றாகக் கொதிக்கவைத்தால் தீரும்.

கதிர், பிற்பகல் 2:20
குளிர்வித்த பிறகு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

சேகர் மாமா, பிற்பகல் 2:31
0 முதல் 2 டிகிரியில் நான்கு வாரம். அந்த நாட்களில் ஈஸ்டும் புரதமும் அடியில் இறங்கும், கூர்மையான ஓரங்கள் மழுங்கும். குளிரும்போது கலனுக்குள் காற்று சுருங்கி, வாயுவை வெளியே விடும் நீரடைப்பான ஏர்லாக்கில் இருக்கும் நீரை உள்ளே உறிஞ்சும். கூடவே ஆக்சிஜனும் நுழையும். குளிர்விக்கும் முன் ஏர்லாக்கை எடுத்துவிட்டு, கார்பன் டைஆக்சைடு நிரப்பிய பை ஒன்றைப் பொருத்திவிடு.

நவீன், மாலை 4:00
கதிர், ஒரு யோசனை. அன்று 20 லிட்டர் வொர்ட்டையும் ஒரே பாத்திரத்தில் காய்ச்சி, 10 லிட்டர் வீதம் இரண்டு கலன்களில் பிரித்துவிடு. இரண்டிலும் டபிள்யூ-34/70 போடு. ஒன்று மாமா சொன்னபடி ஒரு முழுப் பாக்கெட்டோடு உன் ஃப்ரிட்ஜில் 11 டிகிரியில் இருக்கட்டும். மற்றொன்றை அரைப் பாக்கெட்டோடு நான் எடுத்துச் சென்று 18 டிகிரியில் வைக்கிறேன். பிறகு எது எது என்று சொல்லாமல் மாமாவுக்கு மூன்று குவளைகள் ஊற்றிக் கொடுப்போம். இரண்டில் ஒரே பீரும் மூன்றாவதில் மற்றொன்றும் இருக்கட்டும். தனித்து நிற்பதை அவர் கண்டுபிடித்துவிட்டால் நான் வாய் திறக்க மாட்டேன்.

சேகர் மாமா, மாலை 4:06
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊற்றுவது வாசுகியாக இருக்க வேண்டும். ஒரே முறை ஊற்றினால் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லிவிட மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு, அதனால் பலமுறை இடம் மாற்றி ஊற்றட்டும்.

மலர் அக்கா, மாலை 4:30
பாட்டிலில் அடைக்கும்போது வாயு உண்டாகச் சேர்க்கும் சர்க்கரையின் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதானா? அந்தச் சர்க்கரையைக் கணக்கிடும் கணிப்பானில் ‘பீரின் வெப்பநிலை’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, கதிர் அங்கே 2 என்று போடுவதா?

சேகர் மாமா, மாலை 4:52
நல்ல வேளை கேட்டாய். நொதித்தல் முடிந்த பிறகு பீர் எட்டிய உச்ச வெப்பநிலையைத்தான் அங்கே இட வேண்டும். கதிருக்கு அது 17, நவீனுக்கு 18. அந்த வெப்பத்தில் பீருக்குள் தங்கியிருக்கும் வாயு ஏறத்தாழ 0.9 பங்கு, அதாவது பீரின் கொள்ளளவைப்போல் 0.9 மடங்கு கார்பன் டைஆக்சைடு. பிறகு குளிர்வித்தாலும் புதிதாக வாயு உருவாகாததால் அது பெரிதாக அதிகரிக்காது. 2 டிகிரி என்று போட்டால் கணிப்பான் 1.6 பங்கு இருப்பதாக எண்ணிக்கொண்டு, சர்க்கரையைக் குறைத்துச் சொல்லிவிடும். 2.5 பங்கு வேண்டுமென்றால், லிட்டருக்கு ஒரு பங்குக்கு ஏறத்தாழ 4 கிராம் என்ற கணக்கில், 10 லிட்டருக்கு 64 கிராம் சர்க்கரை போட வேண்டிய இடத்தில் 36 கிராம்தான் போட்டிருப்பாய். பீர் சப்பென்று இருக்கும். அளவு மிகுந்தால் பாட்டில் வெடிக்கும் என்பதால் தராசில் நிறுத்தே போடுங்கள்.

கதிர், மாலை 5:10
சரி, மாமா. நான்கு வாரம் குளிரில் இருந்த பிறகும் பாட்டிலில் வாயு உண்டாக்க ஈஸ்ட் மிச்சம் இருக்குமா?

வாசுகி சித்தி, மாலை 5:18
பெரும்பாலும் இருக்கும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் பீரில் போதிய செல்கள் மிதந்துகொண்டிருக்கும். இரண்டு மூன்று மாதம் குளிரில் வைத்தால்தான் அடைக்கும்போது சிறிது உலர் ஈஸ்ட் சேர்க்க வேண்டியிருக்கும். அடைத்த பாட்டில்களை மட்டும் உடனே ஃப்ரிட்ஜுக்குள் திருப்பி வைக்காதே. 20 டிகிரியில் இரண்டு வாரம் வெளியே இருக்கட்டும்.