400 பேர் இருக்கிற ஊருக்கு பஸ் விட வேண்டுமா?

வேளச்சேரி வேலன்:
எங்கள் சொந்த ஊர் செங்கம் பக்கம். 400 சொச்சம் பேர். வந்துகொண்டிருந்த டவுன் பஸ்ஸை கலெக்‌ஷன் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். மெயின் ரோட்டுக்கு 4 கி.மீ. நடை. வயசானவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான் ஊரில் மிச்சம். தலையை எண்ணி பஸ் விடுவது தப்பு என்பது என் கட்சி.

அம்பத்தூர் கண்ணன்:
கஷ்டம் புரிகிறது தம்பி. ஆனால் வண்டியும் டிரைவரும் டீசலும் அளவாகத்தான் இருக்கிறது. இங்கே அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிகிற நேரத்தில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். பத்துப் பேருக்காக ஒரு வண்டியை அங்கே அனுப்பினால் இவர்களுக்கு யார் பதில் சொல்வது? சாலை போடவே தலையை எண்ணத்தான் செய்தார்கள். 2000-ல் வந்த பிரதமரின் கிராம சாலைத் திட்டத்தில் சமவெளியில் 500 பேர், மலை, பழங்குடிப் பகுதிகளில் 250 பேர் என்று வரம்பு உண்டு.

கீழ்க்கட்டளை செல்வி:
அதே திட்டத்தை முழுதாகப் பாருங்கள் அண்ணா. அதில் கணக்கு வருவாய் கிராமத்துக்கு இல்லை, குடியிருப்புக்கு. சமவெளியில் 500 மீட்டருக்குள் இருக்கிற குடியிருப்புகளை ஒன்றாகச் சேர்த்துத்தான் மக்கள்தொகை பார்த்தார்கள். பஸ்ஸுக்கு மட்டும் ஏன் ஒவ்வொரு ஊராகப் பிரித்துப் பார்க்க வேண்டும்? வழியில் உள்ள குக்கிராமங்களை எல்லாம் கூட்டினால் எண்ணிக்கையே வேறு.

அப்புறம், கையில் இருப்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதில் ஊருக்கு பஸ் இல்லை என்றால் அடுத்த வசதி 5 கி.மீ.க்குள்ளா, 5 முதல் 10-ஆ, அதற்கு மேலா என்று மட்டும்தான் குறித்தார்கள். வேலன் ஊர்க்காரர் நடக்கிற 4 கி.மீ.யும், அரை கி.மீ. நடக்கிறவர் தூரமும் ஒரே கட்டத்தில்! அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரு ஊரின் தேவையை எப்படி அளப்பது?

அம்பத்தூர் கண்ணன்:
சரி, கூட்டியே பார்க்கட்டும். அதற்குத்தான் மினி பஸ் இருக்கிறதே. 1997-ல் ஆரம்பித்ததை 2025-ல் புதுசாக விரிவாக்கினார்கள். வழித்தடம் அதிகபட்சம் 25 கி.மீ., அதில் பெரும்பகுதி பஸ் இல்லாத பாதையாக இருக்க வேண்டும். பெரிய வண்டியை ஏன் கேட்கிறீர்கள்? மாத்திரைகூட இப்போது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது.

வேளச்சேரி வேலன்:
மாத்திரை வருகிறது, மறுக்கவில்லை. என் அத்தைக்கு சர்க்கரையால் காலில் ஆறாத புண். கட்டு மாற்ற ஆஸ்பத்திரி போக வேண்டும். ஆட்டோவுக்குக் காசில்லாத வாரம் அதே துணியை அவிழ்த்து, துவைத்து, காயவைத்து மறுபடி சுற்றிக்கொள்கிறார். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து கட்டணம் இல்லை. பஸ்ஸே வராத ஊரில் அந்தச் சலுகை யாருக்கு?

கலெக்‌ஷன் ஏன் இல்லை என்றும் கேளுங்கள். வண்டி வந்தது காலை பத்தரைக்கு. பள்ளிக்கூட மணி அடித்து, கட்டட வேலைக்காரர்கள் போய், எல்லாம் முடிந்த பிறகு. அந்த நேரத்தில் யார் ஏறுவார்கள்? காலியாக ஓடவிட்டு, காலியாக ஓடுகிறது என்று நிறுத்தினார்கள்.

அம்பத்தூர் கண்ணன்:
நேரம் தப்பு என்றால் அது வேறு விஷயம், அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆள் குறைந்ததற்கு பஸ்தான் காரணம் என்று சொல்லாதீர்கள். நீங்களும் நானும் வேலைக்காகத்தான் சென்னை வந்தோம்.

கீழ்க்கட்டளை செல்வி:
நாம் வந்துவிட்டோம் அண்ணா, அத்தை வரவில்லையே. வேலன், அக்டோபர் 2 கிராம சபையில் அந்தப் பாதையில் உள்ள ஊராட்சிகள் எல்லாம் ஒரே தீர்மானம் போடட்டும். பொதுவாக "பஸ் வேண்டும்" என்று எழுதாமல், காலை எட்டு மணிக்கு ஒரு நடை, பள்ளி விடுகிற நேரத்துக்கு ஒரு நடை என்று எழுதச் சொல்லுங்கள். எத்தனை பிள்ளைகள் நடக்கிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் எழுதி வாங்கிச் சேருங்கள்.

அம்பத்தூர் கண்ணன்:
போடட்டும். எட்டு மணி வண்டியும் காலியாக ஓடினால், நிறுத்தச் சொல்லி இங்கேயே எழுதுவேன்.

வேளச்சேரி வேலன்:
எழுதுங்கள். முதலில் எட்டு மணிக்கு வரட்டும்.