ஹக்லூயிட் முதல் தொகுதி: 607–619 பக்கங்கள் அசல்தானா? பார்த்துச் சொல்லுங்கள்

ரிச்சர்ட் ஹக்லூயிட் தொகுத்த ஆங்கிலேயக் கடற்பயண நூல், இரண்டாம் பதிப்பு (3 தொகுதிகள், 1598–1600). அதில் முதல் தொகுதி மட்டும் விலைக்கு வந்திருக்கிறது. தலைப்புப் பக்கத்தில் 1599 என்றிருக்கிறது. ஆனால் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தை 1596இல் ஆங்கிலேயர் தாக்கியதைச் சொல்லும் 607–619 பக்கங்களும் உள்ளே இருக்கின்றன. அங்கேதான் சந்தேகம். அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான எசெக்ஸ் பிரபு எலிசபெத் அரசியின் கோபத்துக்கு ஆளானதால் அந்தத் தாள்களை நீக்கி, காடிஸ் பெயர் இல்லாத புதிய தலைப்புப் பக்கத்தை 1599இல் அச்சிட்டார்கள் என்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் அவற்றை மறு அச்சடித்து, குறைப்பிரதிகளில் சேர்த்ததும் உண்டு.

விற்பவர் அனுப்பிய படங்களில் 606ஆம் பக்கத்தின் ஓரத்தில் பூச்சித் துளையும் ஈரக்கறையும் தெரிகின்றன. 607இல் இரண்டும் இல்லை. கழுவிச் சுத்தம் செய்தால் கறை போகும். துளை எப்படிப் போகும்?

தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் படம் கேட்டிருக்கிறோம். கம்பிக்கோடுகளே (தாள் வார்க்கும் சட்டத்தின் கம்பிகள் தாளில் விடும் தடங்கள்) இல்லாவிட்டால் மறு அச்சு என்று முடிவுகட்டலாம், கோடில்லாத அந்த வழவழப்பான தாள் 1750களுக்கு முன் புழக்கத்தில் இல்லை. கோடுகள் இருந்தால் மட்டும் அசல் என்றாகிவிடாது.

அசல் தாள்கள் உள்ள பிரதியைப் பார்க்க முடிந்தவர்கள் 606, 607, 619 பக்கங்களை அளவுகோல் வைத்து, நேர்மேலிருந்து படமெடுத்துத் தர முடியுமா? கம்பிக்கோடுகளின் இடைவெளி மில்லிமீட்டரில், நீர்க்குறியின் (வெளிச்சத்தில் தாளுக்குள் தெரியும் அடையாளம்) வடிவம், 606இன் அடியில் உள்ள தொடர்ச்சொல் (அடுத்த பக்கத்தின் முதல் சொல்) மூன்றும் வேண்டும். தையலைப் பார்க்கப் புத்தகத்தை அழுத்தி விரிக்க வேண்டாம், முதுகு பிளந்துவிடும்.