வி2 கியர்பாக்ஸில் கிரீஸ் வழிகிறது – எதற்கு எது போடுவது?

காட்பாடி_ஏஇஜி:
வணக்கம். ஏர்சாஃப்ட் ஏ.இ.ஜி. (பிளாஸ்டிக் குண்டு சுடும் பேட்டரி விளையாட்டுத் துப்பாக்கி), வி2 ரக மெட்டல் கியர்பாக்ஸ், எம்100 ஸ்பிரிங், 8 மி.மீ. புஷ்ஷிங் (கியர் அச்சு சுழலும் வளையம்), 7.4 வோல்ட் லிப்போ பேட்டரி. கைமாறி வந்தது. முன்னால் வைத்திருந்தவர் வண்டி வீல் பேரிங்குக்குப் போடும் ஏ.பி.3 கிரீஸை சிலிண்டர் வரைக்கும் அப்பியிருக்கிறார். கத்திரி வெயிலில் மூன்று தொல்லை: கிரிப்புக்கு அடியில் எண்ணெய் கசிகிறது. டிரிகரை இரண்டு மூன்று தடவை இழுத்தால்தான் சுடுகிறது. ஹாப்-அப்பை (குண்டைச் சுழலவிடும் ரப்பர் அமைப்பு) எவ்வளவு ஏற்றினாலும் பிபி, அதாவது குண்டு, சீக்கிரமே தரையில் விழுந்துவிடுகிறது. கழுவிவிட்டு எல்லா இடத்துக்கும் சிலிக்கான் கிரீஸ் ஒன்றையே போட்டுவிடலாமா? வேலூரில் என்ன கிடைக்கும்?

ஷிம்_ராஜா:
மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான் தம்பி, கிரீஸ் அதிகம். கிரீஸிலிருந்து பிரியும் எண்ணெய் பெவல் கியர் வழியாக பினியனுக்கு (மோட்டார் முனையின் சிறு கியர்) இறங்கி, கிரிப்பில் இருக்கும் மோட்டாருக்குள் போகிறது. கியர் சுற்றும்போது தெறிக்கும் கிரீஸ் டிரிகர் கான்டாக்டில் ஒட்டி, தீப்பொறியில் கருகி, கரண்டைத் தடுக்கிறது. சிலிண்டரில் இருப்பதைப் பிஸ்டன் நாசில் (காற்று வெளியேறும் முனை) வழியாக ஊதி ஹாப் ரப்பரில் பூசிவிடுகிறது. அந்த ரப்பர் வேலை செய்வதே உராய்வில்தான். வழுக்கினால் பிபி சுழலாது, விழத்தான் செய்யும்.

சிலிக்கான் மட்டும் போதாது. ரப்பரும் உலோகமும் உரசும் இடத்துக்கு அது அருமை. இரும்பும் இரும்பும் அழுத்தத்தில் கடிக்கும் கியர் பல்லில் அதன் படலம் தாங்காது, பல் தேயும். டிரிகர் கான்டாக்டில் பட்டால் இன்னும் மோசம்: தீப்பொறியில் சிலிக்கான் மணல் போன்ற சிலிக்காவாகி, கரண்ட் போகாத படிவமாக உட்கார்ந்துவிடும்.

கியர் பல்லுக்கு லித்தியம் கிரீஸ், என்.எல்.ஜி.ஐ. 2 (கெட்டித்தன்மை எண்). ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சில் எடுத்து, ஒரு கியருக்கு 0.1 முதல் 0.2 மி.லி. பல்லுக்கு இடையில் மெல்லிய படலம் தெரிந்தால் போதும், பள்ளம் நிரம்பக் கூடாது. பினியனுக்குத் தனியாக வேண்டாம், பெவலிலிருந்து தானாக ஏறிக்கொள்ளும். பிஸ்டன் ஓடும் தடத்திலும் பிஸ்டன் பல்லிலும் இதையே விரலால் தேய்த்துவிடுங்கள்.

சிலிண்டர், பிஸ்டன் ஹெட் ஓ-ரிங், நாசில் உட்புறம், டேப்பெட் பிளேட் (நாசிலை முன்னும் பின்னும் நகர்த்தும் தகடு) இவற்றுக்குச் சிலிக்கான் கிரீஸ். ஓ-ரிங்கில் பூசி, பிஸ்டனைச் சிலிண்டரில் பத்து தடவை ஓட்டி, இரண்டு முனையிலும் சேர்ந்ததைத் துடைத்துவிடுங்கள்.

புஷ்ஷிங் நுண்துளையுள்ள வெண்கலம் என்றால் கிரீஸ் உள்ளே இறங்காது. தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு. மோட்டார் ஷாஃப்ட்டின் இரு முனைக்கும் ஊசி முனையில் தொட்டு வைக்கும் அளவுதான், கம்யூட்டேட்டர் (மோட்டாருக்குள் கரண்ட் ஏறும் செப்பு வளையம்) பக்கம் போகவே கூடாது. ஹாப் ரப்பரும் பேரலும் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும்.

பேரிங்_பாஸ்கர்:
ஷிம்_ராஜா சொன்னது சரி. ஆனால் ஏ.பி.3 வெயிலில் உருகி வழிகிறது என்று நினைக்க வேண்டாம். அதுவும் லித்தியம் கிரீஸ்தான், உருகிச் சொட்ட 180 டிகிரிக்குப் பக்கம் வேண்டும். கத்திரியிலும் நம் ஊர் 43, 44-ஐத் தாண்டுவது அபூர்வம். வெயிலில் நிறுத்திய காருக்குள் அதைவிட ஏறும், அங்கேதான் எண்ணெய் பிரிவது கூடுகிறது. டிக்கியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஏ.பி.3-இன் குறை வேறு. கெட்டி அதிகம். பல் ஒருமுறை ஒதுக்கிவிட்டால் அப்படியே ஓரத்தில் நிற்கும், திரும்பப் பல்லுக்கு வராது. வெளியே கிரீஸ் குவியல், உள்ளே காய்ந்த பல்.

பேரிங் கடையில் ‘இ.பி. 2 லித்தியம்’ (அழுத்தம் தாங்கும் ரகம்) என்று கேளுங்கள், கிடைக்கும். மாலி (மாலிப்டினம் டைசல்ஃபைடு) கலந்த கறுப்பு கிரீஸும் ஸ்டீல் கியருக்கு நல்லதுதான், ஆனாலும் நான் வெளிர் நிறத்தைத்தான் சொல்வேன். அடுத்த முறை திறக்கும்போது கிரீஸில் ஜிகினா மாதிரி மினுமினுத்தால் கியர் தேய்கிறது என்று தெரியும். கறுப்பில் அது தெரியாது. சிலிக்கானுக்கு ஆர்.ஓ. சர்வீஸ் செய்பவர்களிடம் ஓ-ரிங்குக்குப் போடும் ஃபுட் கிரேடு டியூப் இருக்கும். ஸ்பிரே டப்பா எதுவும் வேண்டாம். அதில் பாதி கரைப்பான், பறந்துபோனபின் மிஞ்சுவது கொஞ்சம்தான், அதற்குள் எங்கெங்கோ ஓடியிருக்கும். டபிள்யூடி-40 இருக்கும் கிரீஸையும் கழுவிவிடும்.

பாலாற்று மணலில் விளையாடுகிறீர்களா? அப்படியானால் இன்னும் குறைவாகப் போடுங்கள். கிரீஸில் மணல் ஒட்டினால் அது வால்வு தேய்க்கும் பேஸ்ட்தான்.

காட்பாடி_ஏஇஜி:
நன்றி அண்ணா. கழுவ சர்ஜிக்கல் ஸ்பிரிட் போதுமா? மருந்துக் கடைக்குப் பஞ்சமே இல்லாத ஊர் நமது.

ஷிம்_ராஜா:
சில சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் விளக்கெண்ணெய் சேர்த்திருப்பார்கள், பிசுபிசுப்பு மிஞ்சும். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்குங்கள். ஸ்டீல் கியரையும் மெட்டல் ஷெல்லையும் முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிறகு ஆல்கஹாலில் அலசலாம். பிஸ்டன், டேப்பெட் பிளேட், ஓ-ரிங் பக்கம் பெட்ரோலும் தின்னரும் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் விரிசல் விடும்.

திறப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றி, மோட்டாரை எடுத்து, ஆன்டி ரிவர்சல் லேட்சைத் (கியர் பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் கொக்கி) தள்ளி ஸ்பிரிங்கை விடுவியுங்கள். ஷெல்லைப் பிரிக்கும்போது பின்பக்கத்திலிருந்து ஸ்க்ரூடிரைவரை விட்டு ஸ்பிரிங் கைடை அமுக்கிப் பிடிக்கவில்லை என்றால் கூரையில் தேட வேண்டியிருக்கும். டிரிகர் கான்டாக்டை ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடைத்து, கரி போகவில்லை என்றால் 1000 நம்பர் எமரியால் லேசாக ஒரு இழுப்பு.

கியர் ஷிம்மை (கியர் அச்சில் போடும் மெல்லிய வாஷர்) கிரீஸ் போடும் முன்பே சரிபார்க்க வேண்டும். கிரீஸ் இருந்தால் இறுக்கமும் சத்தமும் மறைந்துவிடும்.

காட்பாடி_ஏஇஜி:
கழுவிப் பூசியாயிற்று. ஹாப் இப்போது பிடிக்கிறது. ஆனால் நாசிலை விரலால் அடைத்துப் பிஸ்டனைத் தள்ளினால் மெதுவாக உள்ளே போகிறது. சிலிக்கான் குறைவா?

பேரிங்_பாஸ்கர்:
இல்லை. பழைய கெட்டி கிரீஸ் இத்தனை நாள் கசிவை அடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நாசிலைக் கழற்றி, சிலிண்டர் ஹெட்டின் குழாயை நேராக அடைத்துத் தள்ளுங்கள். அப்போது காற்று நின்றால் நாசில்தான் தளர்வு. அப்போதும் போனால் ஓ-ரிங். அதே அளவில் புதிதாக நைட்ரைல் ரிங் வாங்கி மாற்றுங்கள், இன்னும் கிரீஸ் ஏற்றாதீர்கள்.