காகிதப் போர் விமானம் செய்பவர்களே, உங்களை இன்றும் உறுத்தும் அனுபவம் எது?

கித்தாக்காட்டான்:
2011 இல் நடந்தது. மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில், ரப்பர் தோட்டத்தில் இருந்த எங்கள் லயத்து வீட்டில், 1:33 அளவில் ஒரு ஜப்பானிய 'சீரோ'வை மூன்று வாரம் உட்கார்ந்து ஒட்டி முடித்திருந்தேன். அலமாரியில் இருக்கப்போவதுதானே என்று சக்கரங்களை மடக்கிய நிலையிலேயே செய்துவிட்டு, இறக்கைகளின் அடிப்புறத்திற்கு வெறும் சாம்பல் நிறத் தாளை ஒட்டியிருந்தேன். பாட்டி அதைக் கையில் வாங்கினார். 1941 டிசம்பர் 8 காலை சுங்கைப்பட்டாணி விமானத் தளத்தில் குண்டு விழுந்தபோது அவருக்கு ஒன்பது வயது. தாயாருக்குப் பால் வடியும் மங்குக் கிண்ணங்களைத் துடைத்துக் கொடுக்க ரப்பர் மர நிரைக்குப் போயிருந்தாராம். நான் பார்த்துப் பார்த்து வெட்டிய கண்ணாடிக் கூண்டை அவர் கண்டுகொள்ளவே இல்லை. விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அண்ணாந்து, அதன் வயிற்றை மட்டும் பார்த்தார். "என்னாய்யா, வட்டத்தக் காணோம்? காலையும் மடக்கி வச்சிருக்க?" என்று கேட்டார். வயதாகிவிட்டது, குழப்பிக்கொள்கிறார் என்று நான் சிரித்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
முன்னவர் எழுதியதில் ஒரு திருத்தம். சீரோ ஜப்பானியக் கடற்படையின் விமானம். கெடா வானில் பறந்த ஜப்பானியச் சண்டை விமானங்களோ பெரும்பாலும் தரைப்படையைச் சேர்ந்தவை: நக்காஜிமா தயாரித்த கி-43 ஹயபூசாவும் அதற்கு முந்திய கி-27 உம். எதைப் பார்த்தாலும் சீரோ என்று சொல்லும் வழக்கம் நம் பெரியவர்களிடம் மட்டுமன்று, எதிர்த்துப் பறந்த நேசநாட்டு விமானிகளிடமும் இருந்தது. ஆனால் மாதிரி செய்கிறவர் அப்படிச் சொல்லலாகாது.

என் அனுபவம் இதுதான். தோட்டத் தமிழ்ப்பள்ளிக் கண்காட்சியில் ஒரு ஹயபூசாவையும், சுங்கைப்பட்டாணியில் ஆஸ்திரேலியரின் 21 ஆம் விமானப் படைப்பிரிவு வைத்திருந்த பஃபலோ சண்டை விமானத்தையும் அருகருகே வைத்தேன். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், இதுல நம்மளோடது எது?" என்றான். நான் பஃபலோவின் இறக்கை 10.67 மீட்டர், மாதிரியில் 32 சென்டிமீட்டர் என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காகிதச்சிறகு:
அந்தப் பையனுக்கு வாத்தியார் ஐயா ஒரு பதில் சொல்லியிருக்கலாம். என் கதை சிறியது. வாளியில் மிஞ்சிய கித்தாப் பாலை, அதாவது ரப்பர் பாலைக் கொண்டு அப்பா எனக்கொரு பிளென்ஹைம் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தை ஒட்டித் தந்தார். மறுவருடம் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அதன் இறக்கை கழன்று என் தட்டில் விழுந்தது. அப்பா எழுந்துபோய்விட்டார்.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சில சொற்கள். கித்தாப் பால் வேண்டாம். காலப்போக்கில் பழுப்பேறிப் பிசுபிசுத்து, பிறகு காய்ந்து உதிரும். வெள்ளைப் பசையை ஊசி முனையால் தொட்டுத் தடவுங்கள். சதுர மீட்டருக்கு 160 கிராம் எடையுள்ள தாள் போதும். உள்ளே நிற்கும் குறுக்குச் சட்டங்களுக்கு மட்டும் ஒரு மில்லிமீட்டர் அட்டை வேண்டும், அதையும் ஒட்டியவுடன் கனமான புத்தகத்தின் கீழ் ஓர் இரவு வைக்காவிட்டால் நம் ஊர் ஈரத்தில் அப்பளமாக வளைந்துவிடும். மடிப்புக் கோடுகளை மை தீர்ந்த பேனாவால் கீறிய பிறகே மடியுங்கள். வெட்டிய விளிம்பில் வெள்ளை தெரிந்தால் எல்லா உழைப்பும் பாழ், ஆதலால் ஒட்டுவதற்கு முன்பே விளிம்புக்கு வண்ணம் கொடுங்கள். மை தெளித்து அச்சிடும் இயந்திரத்தில் எடுத்த தாள், வியர்த்த விரல் பட்டாலே கரையும். லேசர் அச்சே நல்லது. யாரும் கேட்கவில்லை என்பது தெரியும்.

கித்தாக்காட்டான்:
வாத்தியார் ஐயாவின் திருத்தத்தைப் படித்துவிட்டு முதலில் எரிச்சல்தான் பட்டேன். பிறகு கி-27 இன் படத்தைத் தேடிப் பார்த்தேன். அதன் சக்கரங்கள் மடங்குவதே இல்லை. தரையிறங்கப் போகும் கொக்கின் கால்களைப் போல, பறக்கும்போதும் கீழேயே நிற்கின்றன. இறக்கைகளின் அடியில் பக்கத்திற்கு ஒன்றாகச் சிவப்பு வட்டம். பாட்டி காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

கி-27 இன் வெட்டுத்தாள் 1:33 அளவில் யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள். இம்முறை அடிப்புறத்தை முதலில் ஒட்டப்போகிறேன்.