பிரேடி இல்லாமலே 11 வெற்றி என்றால் பிரேடியின் மதிப்பு என்ன?

கடைசிப்பந்து:
2008 செப்டம்பர் 7, அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் நியூ இங்கிலாந்து அணிக்கு சீசனின் முதல் ஆட்டம். ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) மோஸுக்கு நெடும்பந்து போட, அணியின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) டாம் பிரேடி இடது காலை முன்னே ஊன்றுகிறார். கீழே விழுந்து கிடந்த கன்சாஸ் சிட்டியின் பெர்னார்ட் பொல்லார்ட் எழாமலே பாய்ந்து அந்த முழங்காலில் மோதுகிறார். அத்தோடு பிரேடியின் சீசன் முடிந்தது. உள்ளே வந்த மாட் காஸல், பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு குவாட்டர்பேக்காக ஒரு ஆட்டம்கூடத் தொடங்கியதில்லை. கல்லூரியில் கார்சன் பாமருக்கும் மாட் லைனார்ட்டுக்கும் பின்னால் பெஞ்சில் இருந்தவர்; டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வில்) 7-ஆம், அதாவது கடைசி, சுற்று. அவரை வைத்துக்கொண்டு நியூ இங்கிலாந்து 11-5 (11 வெற்றி, 5 தோல்வி). பெஞ்சில் இருந்தவரே 11 ஜெயிக்க முடிகிறது என்றால், பிரேடியின் பெயரில் நாம் எழுதிவைத்திருப்பதில் பாதி பயிற்சியாளர் பெலிசிக்கின் கணக்கில் போகவேண்டியது. என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

பாக்கெட்வாசி:
முதலில் முந்தைய வருடத்தைப் பாருங்கள் நண்பரே. 2007-இல் 16-0, 589 புள்ளி. 2008-இல் 410. ஆட்டத்துக்கு 11 புள்ளி போயிருக்கிறது. அந்த 11-5 பிளேஆஃபுக்கும் (சீசன் முடிந்தபின் நடக்கும் நாக்அவுட் சுற்று) போதவில்லை. அதே 11-5 வைத்திருந்த மயாமி, சமநிலை விதிப்படி இரண்டும் இருந்த டிவிஷனை (நான்கு அணிகள் கொண்ட பிரிவு) எடுத்துக்கொண்டது. எதிரணிகளும் அந்த வருடம் லேசு. இரண்டு மேற்கு டிவிஷன்களோடு ஆடினார்கள். அதில் ஒன்றை சான் டியேகோ 8-8 வைத்தே ஜெயித்தது.

இண்டிக்காரன்:
காஸலை வைத்து பிரேடியைக் குறைப்பவர்கள் 2011 கோல்ட்ஸையும் (இண்டியானாபோலிஸ் அணி) பேசவேண்டும். அதன் குவாட்டர்பேக் பேட்டன் மானிங் கழுத்து அறுவை சிகிச்சையால் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. 10-6 ஆக இருந்த அணி 2-14 ஆனது. முதல் 13 ஆட்டமும் தோல்வி, நியூ ஆர்லியன்ஸிடம் 62-7. அணி எங்கே நின்றது என்று அந்த வருடம் ஊருக்கே தெரிந்தது. பேக்கப் (மாற்று வீரர்) ஆட்டம்தான் சரியான உரைகல் என்றால் மானிங்குக்குக் கிட்ட யாரும் வரமுடியாது.

கடைசிப்பந்து:
அதைத்தான் நானும் சொல்கிறேன். மானிங் அணியைத் தூக்கிச் சுமந்தார். பிரேடியை அணி சுமந்தது.

பாக்கெட்வாசி:
ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். அந்தச் சோறு அதே பானையில் வெந்திருக்க வேண்டுமே! காஸல் மூன்று வருடம் அந்த அணியிலேயே அதே பிளேபுக்கை (அணியின் ஆட்டத் திட்டங்கள் உள்ள புத்தகம்) படித்தவர். கோல்ட்ஸ் என்ன செய்தது? ஓய்வு அறிவித்திருந்த கெர்ரி காலின்ஸை ஆகஸ்ட் கடைசியில் கூப்பிட்டு வந்தார்கள். 38 வயது மனிதர், புது பிளேபுக், சில வாரம் அவகாசம். அவருக்குப் பிறகு பெயின்டர், அப்புறம் ஓர்லோவ்ஸ்கி. அந்த 2-14 மானிங்கின் உயரத்தைக் காட்டுவதைவிட, பேக்கப்பைத் தயார்செய்யாத நிர்வாகத்தைத்தான் அதிகம் காட்டுகிறது. மானிங்கை நான் குறைக்கவில்லை. அவரை அளக்க காலின்ஸ் சரியான கோல் இல்லை, அவ்வளவுதான்.

நாலாம்டவுன்:
யாருமே ஒரு எண்ணைத் தொடவில்லை: சாக் (பந்தை எறியுமுன் குவாட்டர்பேக்கை எதிரணி வீழ்த்துவது). 2007-இல் பிரேடி 21 முறை சாக் ஆனார். 2008-இல் காஸல் 47 முறை, லீகிலேயே அதிகம். குவாட்டர்பேக்கைக் காக்கும் லைனில் லைட், மேன்கின்ஸ், காப்பன் எல்லாரும் அப்படியே இருந்தார்கள். ரிசீவர்களும் அதே மோஸ், வெல்கர். மாறியது பந்தைக் கையில் வைத்திருந்தவர் மட்டும்தான். பிரேடி பின்னங்காலை ஊன்றியதுமே பந்து கிளம்பிவிடும். காஸல் முதல் ஆளைப் பார்ப்பார், இரண்டாவது ஆளைப் பார்ப்பார், அதற்குள் யாராவது இடுப்பைப் பிடித்திருப்பார்கள். அமைப்பு கற்றுத்தர முடிந்ததை காஸல் கற்றுக்கொண்டார். அந்த அரை விநாடியை யாரும் கற்றுத்தர முடியவில்லை. பிரேடியின் மதிப்பை அங்கேதான் தேடவேண்டும், வெற்றிக் கணக்கில் இல்லை.

கடைசிப்பந்து:
சாக் விஷயம் நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2007-ஐ மட்டும் ஏன் அளவுகோலாக வைக்கிறீர்கள்? அது யாருக்கும் திரும்ப வராத வருடம். 2006-ஐ வையுங்கள். பிரேடி முழு சீசனும் ஆடினார்: அணிக்கு 385 புள்ளி, அவருக்கு 24 டச்டவுன் (கோல் எல்லையில் முடிந்த பாஸ்), 12 இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்த பாஸ்). காஸல்: 410 புள்ளி, 21 டச்டவுன், 11 இன்டர்செப்ஷன். எது யாருடையது என்று மறைத்துக் காட்டினால் உங்களால் சொல்ல முடியுமா?

பாக்கெட்வாசி:
2006-இல் மோஸும் இல்லை, வெல்கரும் இல்லை. ரீச்சி கால்ட்வெல் முதன்மை ரிசீவர்! அந்த ஆட்களை வைத்து 12-4, ஏஎஃப்சி (லீகின் ஒரு பாதி) இறுதிவரை போய் 38-34 என்றுதான் தோற்றார்கள். அதே கால்ட்வெல்லைக் காஸலிடம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இண்டிக்காரன்:
அப்போது ரிசீவர்களும் கணக்கில் வருகிறார்கள். அப்படியென்றால் பேக்கப்பின் வெற்றி–தோல்வியை மட்டும் வைத்து யாரையும் எடைபோடக் கூடாது. நான் மேலே சொன்னதையும் சேர்த்தே சொல்கிறேன். ஃபிலடெல்ஃபியாவைப் பாருங்கள்: 2017-இல் குவாட்டர்பேக் வென்ட்ஸ் 13 ஆட்டத்தில் 33 டச்டவுன் போட்டபின் முழங்கால் போனது. பேக்கப் ஃபோல்ஸ் வந்து லீகின் இறுதியாட்டமான சூப்பர் பௌலில் பிரேடியையே 41-33 என்று ஜெயித்தார். அதனால் அந்த 33 டச்டவுன் இல்லையென்று ஆகிவிடுமா? அடுத்து ஜாக்சன்வில்லுக்குப் போன ஃபோல்ஸ் அங்கே தொடங்கிய நான்கு ஆட்டமும் தோல்வி.

கடைசிப்பந்து:
ஃபோல்ஸ் அங்கே முதல் ஆட்டத்திலேயே கழுத்தெலும்பு முறிந்து உட்கார்ந்தார், அதை விட்டுவிடாதீர்கள். காஸலும் கன்சாஸ் சிட்டிக்குப் போய் 2010-இல் 27 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன் போட்டு அணியை டிவிஷன் ஜெயிக்க வைத்தார். அவரை வெறும் பெஞ்ச் ஆள் என்று பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நானும் அப்படித்தான் சொன்னேன்; அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நாலாம்டவுன்:
நல்லது. 2008 சீசனில் நியூயார்க் ஜெட்ஸ் அணியோடு ஆடிய நவம்பர் ஆட்டம் யாருக்காவது நினைவிருக்கிறதா? சில விநாடியே மிச்சம், கடைசி டவுன் (கடைசி முயற்சி). காஸல் வலது பக்கம் ஓடிக்கொண்டே எறிந்ததை மோஸ் ஓரத்தில் பிடித்தார், ஸ்கோர் சமன். கூடுதல் நேரத்தில் 34-31 என்று தோற்றார்கள். காஸல் அன்று 400 யார்டு. இந்த வாரம் அந்த ஆட்டத்தை மறுபடி பார்க்கப் போகிறேன். இந்த முறை பந்து அவர் கையில் எவ்வளவு நேரம் இருந்தது என்று ஒவ்வொரு பாஸுக்கும் குறித்துவைத்து இங்கே போடுகிறேன். அப்புறம் பேசுவோம்.